கயிறு பிடிப்பவர்



'அர்ரஃபீக் கப்லத் தரீக்' என்பது அரபு மக்களிடையே வழங்கும் முதுமொழி. பாதைக்கு முன் தோழன் என்பது அதன் பொருள். புறப்படுவதற்கு முன்னரே உடன்வருபவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது கருத்து. 'கப்ல' என்னும் சொல் தன்னை அடுத்து வரும் பெயரை என்ன செய்கிறது என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை. ஆதலால் பல ஆண்டுகளாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். இலக்கணத்தைக் கற்பித்தேனே அன்றி, பொருளைப் பற்றி நான் பெரிதாக யோசித்தவன் அல்லன். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், மாலத்தீவுக் கடலில், நீர்மட்டத்திற்குக் கீழே 16 மீட்டர் ஆழத்தில் அதற்கு நேரம் வாய்த்தது.

மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவருக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் உறவினர் பலரும் கேட்டார்கள். நான் கீழக்கரையைச் சேர்ந்தவன். என் பாட்டனார் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில் சிப்பி எடுக்கவும் இறங்கியவர். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அவர் சொன்ன கதைகள் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. கல் கட்டிய கயிற்றில் கால்வைத்து, ஒரே மூச்சில் கீழே சென்று, கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப்போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார்களாம். தோணியின் விளிம்பில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினாலும் கீழே இருப்பவருக்கு மூச்சு இல்லை.

அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கடற்கரைகளில் சொல்வார்கள். உடன்பிறந்தவன் சொத்துக்காகக் கைவிடக்கூடும், தன் சகோதரி விதவையாவதை மட்டும் எந்த மச்சானும் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லாத் தோணிகளிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். என் பாட்டனாருக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியின் அண்ணன்தான். மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய பயணி இப்னு பதூதாவும், பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இந்தக் கயிற்றையும் அதைப் பிடித்து நிற்பவரையும் மறவாமல் குறித்திருக்கிறார். 14ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கடலிலும் ஒருவர் இறங்க, ஒருவர் மேலே நின்றிருக்கிறார்.

எனக்கும் ஒரு மச்சான் வாய்த்தார். என் மனைவியின் தம்பி மாலத்தீவுப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தார். நம் பக்கத்திலிருந்து அங்கே கற்பிக்கச் சென்றோர் ஏராளம். 2019இல் மத்ரஸா விடுமுறையில் அவரிடம் போயிருந்தபோது இருவரும் சேர்ந்து ஸ்கூபா பயிற்சி எடுத்தோம். பயிற்சியில் நான்கு முறையும் அதன்பின் இரண்டு முறையும் கடலில் இறங்கினோம். ஆறு முறையும் அவர்தான் என் துணை. அப்போது துணை என்பதைப் பற்றி யோசிக்கவே தேவைப்படவில்லை. நான் திரும்பும் இடத்திலெல்லாம் அவர் முகம் தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில் அவர் பணியை விட்டு ஊர் திரும்பிவிட்டார்.

2023இல் நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், மாலேயில் கணக்கராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பயணச்சீட்டு அனுப்பி என்னை அழைத்தார். (என் ஊதியத்தில் இதெல்லாம் இயலுமோ என்று எண்ணும் வாசகர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.) அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தாலே ஒதுங்குபவர். ஆகவே நான்கைந்து நாட்கள் ஏதேனும் ஒரு தீவில் தனியாகத் தங்கிவிட்டு வருவதாகத் திட்டம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: "தனியாக மட்டும் இறங்காதீர்கள்." நானும் வாக்களித்தேன்.

மாலத்தீவு நமக்கு அந்நிய நாடு போலவே தோன்றாது. அவர்கள் படகுக்குச் சொல்லும் பெயர் தோணி. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு நம் தோணிகள் அங்கே போய்வருகின்றன. நம் சமையலறைகளில் மணக்கும் மாசி அவர்களுடைய சூரைமீன்தான். மாலே நகரில் 1658இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கித் என்னும் ஜும்ஆ பள்ளிவாசல், பவளக்கல்லை மரம்போல் செதுக்கி இழைத்துக் கட்டப்பட்டது. அங்கே போகிறவர்கள் அதைக் காணாமல் திரும்பக்கூடாது. 2009க்கு முன்பு வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் உல்லாச விடுதித் தீவுகளில்தான் தங்கினார்கள். அதன்பின் உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. நம்போன்ற குடும்பங்களுக்கு ஏற்றவை இத்தீவுகளே. மது விற்பனை கிடையாது, பாங்கோசை கேட்கும், செலவும் உல்லாசத் தீவுகளில் ஆவதில் ஒரு சிறு பங்குதான். வெள்ளிக்கிழமைகளில் அரசுப் படகுகள் ஓடுகின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துப் பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

தெற்கு மாலே தீவுக்கூட்டத்தில் அத்தகைய ஒரு தீவில் போய் இறங்கினேன். அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றிவரக்கூடிய மணல்திட்டு அது. கரையோர நீர் பச்சைக் கண்ணாடி போல் இருக்கும். பவளத்திட்டின் விளிம்பைத் தாண்டியதும் திடீரெனக் கருநீலம். அந்த விளிம்புக்கு அப்பால்தான் முக்குளிப்போர் போகிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மலைபோல் எழுந்து நிற்கும் பாறைத்திட்டை 'திலா' என்பார்கள். அதைவிட மேலெழுந்து நீர்மட்டத்தை நெருங்கி நிற்பது 'கிரி'. இரண்டு திட்டுகளுக்கிடையே கடல் உள்ளும் புறமும் பாயும் வாய்க்கால் 'கந்து'. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளிறி மடிந்த வடு இன்னும் பல இடங்களில் தெரிகிறது. மீன்வளம் மட்டும் கண்கொள்ளாது. அந்த மீன்களுக்கு விருந்து கொண்டுவருவது கந்துகளில் பாயும் நீரோட்டம். அனுபவமில்லாதவரை இழுத்துச் செல்வதும் அதே நீரோட்டம்தான்.

துணை எதற்கு என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா என்பது காற்றை அழுத்தி அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிடும் முறை. பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பித் தருவார்கள். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் ஆவதைப் போல் இருமடங்கு காற்று செலவாகும், 20 மீட்டரில் மும்மடங்கு. பதற்றத்தில் மூச்சு வாங்கினாலோ இன்னும் விரைவில் தீரும். ஒவ்வொருவருடைய கருவியிலும் வாயில் வைத்திருக்கும் குழாயோடு, மஞ்சள் நிறத்தில் இன்னொரு குழாயும் தொங்கும். பலர் அதைத் தமக்கான உபரி என்று நினைக்கிறார்கள். அது துணைவருக்கானது. என் காற்று தீர்ந்தால் நான் மூச்சுவிட வேண்டிய வாய் அவருடைய முதுகுச் சிலிண்டரில் இருக்கிறது. மேலே நிற்பவர் கையிலிருந்த பழைய கயிறு இப்போது நீருக்குள்ளே, உடன் நீந்துபவரின் தோளில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு உதைப்பில் எட்டும் தூரத்தில் இல்லையென்றால் கயிறும் இல்லை.

முக்குளிப்பு நிலையத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். நோய்கள் பற்றிய கேள்விகளுக்கு உள்ளபடி விடையளித்தேன். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர், "கடைசியாக எப்போது இறங்கினீர்கள்?" என்று வாய்மொழியாகக் கேட்டார். 2019 என்று சொன்னால் முதலில் கரையோரத்தில் சோதனை முழுக்குக்கு அழைத்துச் செல்வார்கள், அதற்குக் கட்டணமும் உண்டு, ஒரு நாளும் வீணாகும். எனக்குப் பின்னால் மூன்று வெள்ளைக்கார இளைஞர்கள் காத்திருந்தார்கள். "சென்ற ஆண்டு" என்றேன்.

நாற்பது வயதைக் கடந்தவன், பிள்ளைகளுக்கு நன்னெறி போதிப்பவன், ஒரு சோதனை முழுக்குக்காகப் பொய் சொன்னேன். இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். ஆனால் அதன்பின் நடந்த எதுவும் இது இல்லாமல் உங்களுக்குப் புரியாது.

மறுநாள் காலை தோணியில் ஆறு பேர், ஒரு வழிகாட்டி. தனியாக வந்தவர்கள் நானும், பெரிய கேமராவோடு வந்திருந்த ஓர் இளைஞரும் மட்டுமே. ஆகவே எங்களை இணைத்தார்கள். அவர் முந்நூறு முறைக்கு மேல் இறங்கியவராம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி பிறந்தது. இவ்வளவு தேர்ந்தவர் உடன் வருகையில் நமக்கென்ன கவலை! இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை விளக்க எனக்குப் பிற்பாடு ஒரு வாரம் தேவைப்பட்டது. இடம் சேரும்வரை அவர் கேமராவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்குவதற்கு முன் ஒருவர் கருவியை ஒருவர் சரிபார்க்க வேண்டும். மிதவைச் சட்டையில் காற்று ஏறுகிறதா, ஈயக்கட்டி இறுக்கமாக இருக்கிறதா, கொக்கிகள் எப்படித் திறக்கின்றன, சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது வழக்கம். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகக் காட்டி 'சரிதானே?' என்றார். நானும் வளையம் காட்டினேன். அத்துடன் எங்கள் சரிபார்ப்பு முடிந்தது.

கந்தின் ஓரம். 16 மீட்டர். முதல் பத்து நிமிடங்கள் சுபுஹானல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் தோன்றவில்லை. பிறகு நீரோட்டம் பிடித்தது. நான்கு ஆண்டுகளாக இதை மறந்திருந்த கால்கள் தேவையில்லாமல் உதைத்தன, மூச்சு வாங்கியது. தொலைவில் புள்ளித் திருக்கைகள் கூட்டமாகப் பறப்பது போல் போயின. என் துணை அவற்றின் பின்னே விரைந்தார். குறை சொல்ல முடியாது, அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். நானும் அவரைத் தொடர்ந்து நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தேன். காற்றுமானியைப் பார்த்தபோது 70 பார். இறங்கி 20 நிமிடம்கூட ஆகவில்லை. நெஞ்சில் முஷ்டியை வைத்தால் காற்று குறைகிறது என்று சைகை. வைத்தேன். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நீருக்குள் கூவி அழைக்க முடியாது. எதிரே நீலம், பின்னே நீலம், பக்கத்தில் பாறைச்சுவர் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. உண்மையில் நகர்ந்தது நான். துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிலும் தேடு, காணவில்லையெனில் மெதுவாக மேலே ஏறு என்று 2019இல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு நிமிடம் எண்ணினேன். மனைவியிடம் சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது. படகில் ஆறு பேர், நீரில் ஏழு பேர். ஆனாலும் நான் தனியாகத்தான் இறங்கியிருந்தேன்.

மூச்சை அடக்காமல், குமிழிகளை முந்தாமல் ஏறினேன். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் ஏறியும் இறங்கியும் எப்படியோ நின்றேன். மேலே வந்தால் தோணி வெகு தூரத்தில், மற்றவர்களின் குமிழிகளைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. மிதவைச் சட்டையை ஊதிக்கொண்டு, சட்டையில் கோத்திருந்த விசிலை ஊதினேன். அலைக்கு மேலே ஒரு தலை எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் விளங்கியது. கால்மணி நேரம் கழித்துத் தோணியில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பையன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். அல்ஹம்துலில்லாஹ்.

என் துணை அரைமணி நேரம் கழித்து மகிழ்ச்சியோடு மேலே வந்தார். "சீக்கிரம் ஏறிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திருக்கைப் படங்களைக் காட்டினார். உண்மையிலேயே அழகான படங்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அன்று மாலை வரையில்கூட நிலைக்கவில்லை. உடன் வருபவர் சென்ற ஆண்டு இறங்கியவர், தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்குச் சொன்னவன் நான்.

இரவு வீட்டுக்குத் தொலைபேசினேன். "தனியாக இறங்கவில்லையே?" என்றாள். "ஐந்து பேர் கூட வந்தார்கள்" என்றேன். சொல்லளவில் பொய் இல்லை. இரண்டே நாளில் இது இரண்டாவது.

ஃபஜ்ருக்குப் பின் நேரே நிலையத்தின் மூத்த பயிற்சியாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, "பாதிப்பேர் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். அன்று முழுவதும் கரையோர ஆழமற்ற நீரில் ஒரு பயிற்சியாளரோடு மண்டியிட்டு, முகக்கண்ணாடியில் புகுந்த நீரை வெளியேற்றுவது, மஞ்சள் குழாயை நீட்டுவது, வாங்குவது என்று பால்வாடிப் பிள்ளை போல் மீண்டும் பழகினேன். வேகமாகச் சாப்பிடுபவனுக்குப் பந்தியில் கிடைக்கும் மரியாதை போல, வேகமாக மூச்சு விடுபவனுக்குக் கடலிலும் மரியாதை இல்லை என்று அந்தப் பயிற்சியாளர் சைகையிலேயே புரியவைத்தார்.

பின்பு துணை தேடும் படலம். தனியாகச் செல்லும் வாசகர்களுக்கு இந்தப் பகுதி உதவக்கூடும். முதலில், ஊர் ஊராகத் தாவாதீர்கள். ஒரே தீவில், ஒரே நிலையத்தில் நான்கைந்து நாள் தங்கினால்தான் மனிதர்கள் தென்படுவார்கள். புறப்படுமுன் அந்நிலையத்துக்கு எழுதி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் உங்களைக் கவனிக்க அவருக்குக் கண் போதாது. கையில் பணமிருந்தால் வழிகாட்டி ஒருவரையே உங்களுக்கு மட்டும் துணையாக அமர்த்திக்கொள்ளலாம். முதல் நாளுக்கு அது வீண்செலவு அன்று. துணையாய் இருப்பவர் வார்களையும் கொக்கிகளையும் தொட்டுச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், நம் ஆண்கள் ஆணையும் பெண்கள் பெண்ணையும் துணையாகக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். உடல் முழுதும் மூடும் ரப்பர் உடையும் தலைமூடியும் அங்கே எல்லோருக்கும் பொதுவானவை, நம் சகோதரிகளை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

நிலையத்தின் சுவரில் மறுநாள் இறங்குவோரின் பெயர்ப் பலகை தொங்கும். மாலையில் அங்கே உட்கார்ந்து கவனித்தேன். கலகலப்பான ஒருவர், 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்ற அந்நாட்டு விதியை மீறி 50 மீட்டர் தொட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். விருந்துக்கு நல்ல துணை. ஓர் இளம் தம்பதியர் மூன்றாமவராக என்னை அன்போடு அழைத்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், மூன்றாமவனைப் பார்ப்பது யார்? நன்றி கூறி விலகினேன். கேமராக்காரர்களைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் துணை கேமராதான். அதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு மூலையில் முதியவர் ஒருவர், நன்னீர்த் தொட்டியில் தம் கருவிகளை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன கருவியையும் சேர்த்து அலசிவைத்தார். ஸலாம் சொன்னேன். மலேசியாவின் திரங்கானுவைச் சேர்ந்த மலாய்க்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் மத்ரஸா ஆசிரியர் என்று தெரிந்ததும் 'உஸ்தாஸ்' என்று அழைக்கத் தொடங்கினார். மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள், நான் அவரை அப்படி அழைத்தேன். எத்தனை முறை இறங்கியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டவை மூன்று: "கடைசியாக இறங்கியது எப்போது? உங்களுக்குக் காற்று விரைவில் தீருமா, மெதுவாகவா? நீருக்குள் எதற்குப் பயப்படுவீர்கள்?"

உண்மையைச் சொன்னேன். 2019. அதன்பின் முந்தாநாள் ஒருமுறை, அதுவும் இப்படி. காற்று மிக விரைவில் தீரும். யாரும் இல்லாமல் போவதற்குப் பயப்படுவேன். அவர் தலையசைத்து, "எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம், மெதுவாகத்தான் இறங்குவேன். இடப்பக்கம் வாருங்கள்" என்றார். தம் குறையை அவர் அப்படிச் சொன்ன பிறகு என் வெட்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மணலில் குச்சியால் கோடிழுத்துப் பேசினோம். 12 மீட்டருக்குக் கீழே போவதில்லை. யாருடைய மானி முதலில் 100 பார் காட்டுகிறதோ அவருக்காக இருவரும் திரும்புவது, 50 பாரோடு மேலே இருப்பது. கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்' என்று பொருளல்ல, 'மேலே போகலாம்' என்று பொருள். (நம்மவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது.) அந்தச் சைகையை யார் காட்டினாலும் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் அவர் இருமுறை சொன்னார்.

மறுநாள் படகில் அவர் என் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, என்னையும் தம்முடையவற்றைத் தொடச் செய்தார். இறங்கினோம். 4 மீட்டரில் என் காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. சற்று ஏறி மீண்டும் முயன்றேன். முள் குத்துவது போல் வலி. எனக்கு முன்னால் தெளிந்த நீர், கீழே ஆமையொன்று பாறையில் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு முழுக்குக்கு அவர் கொடுத்த பணமும் நினைவுக்கு வந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கிவிடலாமா என்று நான் தயங்கிய அந்நேரத்தில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார், ஆமையைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தினேன். உடனே அவரும் உயர்த்தினார். ஏழாவது நிமிடத்தில் இருவரும் தோணியில் இருந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் புட்டியிலிருந்து தேநீர் ஊற்றித் தந்து, திரங்கானுவில் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் புகும் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மற்றவர்கள் மேலே வரும்வரை அந்தக் கதை நீண்டது.

ஒரு நாள் ஓய்வெடுத்தேன். காது திறந்தது. கடைசி நாள் குடா கிரிக்குப் போனோம். நீரோட்டத்துக்கு மறைவான சிறு திட்டு, அருகே மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய கப்பல். கப்பலின் அடிப்பாகம் எங்கள் எல்லைக்குக் கீழே இருந்ததால் மேலிருந்தபடியே பார்த்தோம். துருப்பிடித்த இரும்பில் பவளம் பூத்திருந்தது, கண்ணாடி மீன்கள் திரைச்சீலை போல் விலகிச் சேர்ந்தன. நான் திரும்பிய போதெல்லாம் வலப்பக்கம் அவர் இருந்தார். 38 நிமிடம். என் மானி 100 காட்டியபோது அவருடையது 140. அவர் திரும்பினார். அன்றைக்கு நான் வேகமாக மூச்சு விடவில்லை என்பதைக் கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது கடலைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்பதால் அத்துடன் முடித்துக்கொண்டோம். என் பதிவேட்டில் துணையின் கையொப்பத்துக்கான கட்டத்தில் அவர் ஜாவி எழுத்தில் பெயரெழுதித் தந்தார். அரபு வரிவடிவம்தான், ஆனால் எனக்கு வாசிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

ஊர் திரும்பியதும் முதல் நாள் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஐந்து பேரில் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. சிக்குவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவருக்கு எத்தனை பிள்ளைகள், மனைவி நலமா, மாசி வாங்கிக் கொடுத்தீர்களா என்றெல்லாம் விசாரித்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. வரும் ஷவ்வாலில் மீண்டும் அதே தீவுக்குப் போகிறாராம், உஸ்தாஸ் வருவாரா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பழைய கேள்வி: "கடைசியாக இறங்கியது எப்போது?" அவரோடு இறங்கியதுதான் கடைசி, அதன்பின் கடலைக் கரையிலிருந்துதான் பார்க்கிறேன் என்று பதில் எழுதினேன். முதல் நாள் கரையோரத்தில் மண்டியிட்டுப் பழக வேண்டியிருக்கும், அதற்கான கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டேன் என்றும், இடப்பக்கம் என் இடம்தானே என்றும் கேட்டிருக்கிறேன்.